வாட்டைக் கூட்டினால் கண்ணாடி அறுபடாது

"நூறு வாட் லேசர் மெஷின் போட்டால் ஆறு மி.மீ. கண்ணாடியை அறுக்கலாமா?" மறுபடியும் இதே கேள்வி. இந்த முறை கேட்டவர் இரண்டு தகட்டை நொறுக்கிய பிறகுதான் கேட்டார்.

அறுபடாது. பிளைவுட்டையும் அக்ரிலிக்கையும் எரித்து, ஆவியாக்கிக்கொண்டே லேசர் கீழே இறங்கும். கண்ணாடியில் அது நடக்காது. கார்பன் டை ஆக்சைடு வாயுவால் இயங்கும் சிஓ2 லேசரின் 10.6 மைக்ரான் அலைநீள ஒளியை மேற்பரப்பே உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடிக்குள் சூடு இறங்குவதோ மெதுவாக. சக்தியைக் கூட்டக் கூட்ட மேலே உருகும், கீழே குளிர்ந்தே கிடக்கும், விரிசல் தன்னிஷ்டத்துக்கு ஓடும். சில சமயம் மெஷினை அணைத்துத் தகட்டை ஓரமாகச் சாய்த்து வைத்த பிறகும் ஓடும். வாட், வாட் என்று கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

தொழிற்சாலையில் சிஓ2 லேசருக்கு உள்ள வேலை, விரிசலுக்கு வழிகாட்டுவதுதான். விளிம்பில் சிறு கீறல் போட்டு, கோட்டின்மேல் இளகும் வெப்பத்துக்குக் கீழேயே சூடேற்றி, பின்னாலேயே குளிர்காற்றோ நீர்ச்சாரலோ பீச்சுவார்கள். சட்டென்று சுருங்கும் மேற்பரப்பில் இழுவிசை எழும். கீறல் அதைத் தொடர்ந்து ஓடும். தடித்த தகடானால் பிறகு வளைத்து உடைக்க வேண்டும். விளிம்பில் சில்லுகள் பெயராது, அதனால் வீல் கட்டர் விளிம்பைவிட வலு அதிகம். மிகமிகக் குறுகிய துடிப்புகளாக ஒளியை விடும் பிகோசெகண்ட் லேசரால் முழுத் தடிமனிலும் நுண்துளைகளை வரிசையாகப் போட்டுப் பிரிக்கும் முறையும் உண்டு. அந்த மெஷினே வேறு.

உலையில் டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவாக்கிய கண்ணாடியைத் தொடவே வேண்டாம். உள்ளே தேங்கிய இழுவிசைப் பகுதியை எட்டிய கணமே முழுத் தகடும் பொடி. வெட்டு, துளை எல்லாம் டெம்பரிங்குக்கு முன்பே முடிய வேண்டும். மூலையில் டெம்பர் செய்ததற்கான முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

லேமினேட்டட் கண்ணாடிதான் அதிகம் பாழாகிறது. இரண்டு தகடு, நடுவில் 0.38 அல்லது 0.76 மி.மீ. பிவிபி என்ற பிளாஸ்டிக் ஒட்டுப் படலம். மேலிருந்து சுட்டால் கீழ்த் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. இரு பக்கமும் நேருக்கு நேர் கீறி, இரண்டையும் உடைத்து, படலத்தை ஹீட்டரால் இளக்கி, இடைவெளி திறந்ததும் பிளேடால் அறுக்க வேண்டும். கீறல்கள் நேராக அமையாவிட்டால் விளிம்பில் படி விழும். படலத்தையும் லேசராலேயே எரிக்கப் பார்த்தால் கரி, குமிழி, ஒட்டு விடுதல், புகை. படலத்தை இளக்க ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தும் பழைய வித்தையும் வேண்டாம். வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது.

வெப்பக் கதிரைத் திருப்பியனுப்பும் லோ-ஈ பூச்சு உள்ள பக்கத்தில் சிஓ2 லேசரை அடிக்காதீர்கள், பெரும்பங்கு திரும்பி வரும். கண்ணாடித் தூளைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

உலோகம் வெட்டும் ஃபைபர் லேசரைக் கண்ணாடியில் முயல்பவர்களுக்கு: அதன் 1.06 மைக்ரான் ஒளி தெளிந்த கண்ணாடிக்குள் புகுந்து கீழுள்ள மேடையைத்தான் சுடும். உங்கள் மூக்குக்கண்ணாடிக்குள்ளும் அப்படியே புகுந்து விழித்திரைவரை போகும். சிஓ2-வுக்கு வாங்கிய பாதுகாப்புக் கண்ணாடியை நம்பாதீர்கள். உங்கள் லேசரின் அலைநீளம் அதில் அச்சிட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு அணியுங்கள்.