புறாவின் சபதமும் நம் வைராக்கியமும்

1972இல் ஹோவர்ட் ராக்லின், லெனார்ட் கிரீன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் பசித்த புறாக்களின் முன் இரண்டு பொத்தான்களை வைத்தார்கள். ஒன்றைக் கொத்தினால் உடனே தானியம் வரும். ஆனால் 2 விநாடிகள்தான் தின்னலாம். மற்றதைக் கொத்தினால் 4 விநாடிகள் காத்திருக்க வேண்டும். பிறகு 4 விநாடிகள் தின்னலாம். புறாக்கள் ஏறக்குறைய எப்போதும் முதல் பொத்தானையே கொத்தின. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த கட்டம்தான் சுவையானது. இந்தத் தேர்வு வருவதற்குச் சற்று முன்பாகவே இன்னொரு தேர்வு தரப்பட்டது. ஒரு பக்கத்தைக் கொத்தினால், சிறிது இடைவெளிக்குப் பின் மேற்சொன்ன இரண்டு பொத்தான்களும் வரும். மறுபக்கத்தைக் கொத்தினால், அதே இடைவெளிக்குப் பின், காத்திருக்க வேண்டிய பொத்தான் மட்டுமே வரும். இடைவெளி மிகக் குறைவாக இருந்தபோது புறாக்கள் சபலத்துக்கு இடமிருந்த பக்கமே போயின. இடைவெளி நீள நீள, தங்கள் வாயைத் தாங்களே கட்டிக்கொள்ளும் பக்கம் சாய்ந்தன.

புறாவுக்கு நெஞ்சுரம் உண்டு என்று யாரும் வாதிடப் போவதில்லை. இந்தச் சோதனை எனக்குப் பிடித்திருப்பதும் அதனால்தான். பலன் தொலைவில் இருக்கும்போது பெரியது பெரியதாகவே தெரிகிறது. கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டால், முதலில் வருவது பெரியதாகத் தெரிகிறது. மனிதர்களிடமும் இந்தத் தலைகீழ் மாற்றம் நடக்கிறது. இரவில் "நாளை முதல் சிகரெட் கிடையாது" என்பவர் பொய் சொல்லவில்லை. மறுநாள் மதியம் தீக்குச்சியைக் கிழிக்கும்போதும் அவர் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு வேளைகளிலும் அவர் கண்ணுக்குத் தெரிந்த கணக்கு வேறு வேறு, அவ்வளவுதான்.

ஆகவே, உறுதி என்பதைச் சபதம் எடுக்கும் கணத்தின் ஆவேசத்தை வைத்து அளப்பதில் பயனில்லை. அந்தக் கணத்தில் எல்லோரும் வீரர்களே. மறுநாள் மதியத்தில் முடிவெடுக்க எதையாவது மிச்சம் வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி. "குறைத்துக்கொள்வேன்" என்றவர் ஒவ்வொரு தடவையும் மனத்துக்குள் ஒரு விசாரணை நடத்த வேண்டும்: நேற்று ஒன்று குறைவாகத்தானே பிடித்தோம், இன்று வேலை அதிகம் ஆயிற்றே, இது கணக்கில் சேருமா? ஆசை கெட்டிக்கார வக்கீல். விசாரணை நடந்தால் பாதி வழக்குகளிலாவது ஜெயித்துவிடும். "தொடவே மாட்டேன்" என்றவரிடம் வழக்கே பதிவாவதில்லை.

2016இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பொருத்தமானது. புகையை விட விரும்பிய 697 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். மற்றவர்கள் குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தினார்கள். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையும் ஆலோசனையும் இரு தரப்புக்கும் உண்டு. நான்கு வாரங்கள் கழித்து, ஒரேயடியாக விட்டவர்களில் 49 சதவீதத்தினர் புகைக்காமல் இருந்தார்கள். படிப்படியாக விட்டவர்களில் 39 சதவீதத்தினர். ஆறு மாதங்களில் இது 22க்கு 15.5 என்று சுருங்கியது. வித்தியாசம் பிரமாதமில்லை, ஆனால் உண்மையானது. (மதுவுக்கு இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். அங்கே மருத்துவர் கட்டாயம் வேண்டும்.)

விடுவதற்கு இப்படி ஒரு கோடு கிழித்துவிடலாம். புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு அது போதாது. "தினமும் நடப்பேன்" என்ற சொல்லுக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இந்த ஓட்டையைத்தான் அடைத்தார். 1997இல் வெளியான ஆய்வில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை எப்படிக் கழிந்தது என்று 48 மணி நேரத்துக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எப்போது, எங்கே உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் பத்தில் ஏழு பேர் சொன்னபடி அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். "இன்னது நடந்தால் இன்னது செய்வேன்" என்று குறித்துவிட்டால், அந்தச் சூழல் வந்ததும் செயல் தானே நினைவுக்கு வருகிறது. மூளையும் பழக்கத்தை ஏறத்தாழ இப்படித்தான் வைத்திருக்கிறது: சூழல், அதற்கொரு செயல். ஒரே சூழலில் ஒரே செயல் திரும்பத் திரும்ப நடக்கும்போது, அதை நடத்தும் பொறுப்பு மூளையின் ஆழத்திலுள்ள பேசல் கேங்லியா பகுதிக்குப் படிப்படியாகக் கைமாறுகிறது. அதன்பின் யோசிக்கவே வேண்டியதில்லை.

சபதத்தை ஊரறியச் சொன்னால் கட்டுப்பட்டு நடப்போம் என்று பலரும் நம்புகிறார்கள். எனக்குச் சந்தேகம் உண்டு. கோல்விட்சர் குழுவே 2009இல் காட்டியபடி, நல்ல வழக்கறிஞராக வேண்டும் என்ற தீர்மானத்தைப் பிறர் கவனித்தார்கள் என்று அறிந்த சட்ட மாணவர்கள், அதன்பின் அதற்காகக் குறைவாகவே உழைத்தார்கள். பாராட்டு முன்பணமாக வந்துவிடுகிறது போலும். சொல்வதோடு பணத்தையும் பிணை வைத்தால் கதை வேறு. பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி, புகைப்பவர்களிடம் வைப்புத்தொகை வாங்கி, ஆறு மாதங்கள் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தது. தோற்றால் பணம் அறக்கட்டளைக்குப் போய்விடும். அழைக்கப்பட்டவர்களில் 11 சதவீதத்தினரே இதற்குத் துணிந்தார்கள். ஆனாலும் அழைக்கப்பட்ட எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் வெற்றி விகிதம், அழைக்கப்படாதவர்களைவிட 3 சதவீதப் புள்ளிகள் கூடியது.

"தொடவே மாட்டேன்" என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு தடவை தவறியதும் "எல்லாம் போயிற்று" என்று முழுவதையும் கைவிடுவது. அடிமைப்பழக்க ஆய்வாளர் ஆலன் மார்லட் இதை விரிவாக ஆராய்ந்தார். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர், புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்கிய 96 பேரைப் பின்தொடர்ந்தபோது, பழக்கம் படிய 18 முதல் 254 நாள் வரை தேவைப்படும் என்று கணித்தார்கள்; இடைநிலை அளவு 66 நாள். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. எனவே கோல்விட்சர் வழியில் ஒரு வரியைத் தவறுக்கென்றும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம்: ஒன்றைப் பற்றவைத்துவிட்டால், மீதிப் பெட்டியை அப்போதே தண்ணீரில் போட்டுவிடுவேன்.