லாவண்யான்னா உப்பா?

அக்காவுக்குப் பொண்ணு பொறந்திருக்கு, இங்க சிங்கப்பூர்ல 42 நாளுக்குள்ள பதிஞ்சாகணும், அதுக்குள்ள குடும்ப வாட்ஸாப்ல பேர்ச் சண்டை. அத்தான் லாவண்யான்னு போட்டதும் ஆளாளுக்கு ஹார்ட்டு, நான் மட்டும் "அது உப்பு அத்தான்"ன்னு போட்டேன், அப்புறம் ரெண்டு நாள் யாரும் என்கிட்ட பேசல.

ஜோக் இல்லங்க. வடமொழில லவணம்னா உப்பு. நாட்டு மருந்துக் கடைல செரிமானத்துக்கு லவண பாஸ்கர சூரணம்னு டப்பா பார்த்திருப்பீங்க, அந்த லவணம் தான் இது. லவணத்தோட தன்மை லாவண்யம், அதாவது முதல் அர்த்தம் உப்புத்தன்மை, அழகுங்கறது அதுல இருந்து வந்தது. எவ்ளோ காய் போட்டு வச்ச சாம்பாரா இருந்தாலும் உப்பு இல்லன்னா வாய்ல வைக்க முடியுமா? அதே மாதிரி சில பேருக்கு மூக்கும் முழியும் சரியா இருந்தும் ஏதோ ஒண்ணு குறையும் பாருங்க, அந்த ஏதோ ஒண்ணு தான் லாவண்யம். நம்ம வள்ளுவரே ஊடலை உப்பு மாதிரி அளவா வச்சுக்கன்னு சொல்றாரு (குறள் 1302). மலாய்க்காரங்க களையான கருப்பு நிறத்தை ஈத்தாம் மானிஸ்னு சொல்வாங்க, கருப்பு இனிப்பு. அவங்களுக்கு இனிப்பு, வடமொழிக்கு உப்பு!

சரி, தமிழ்ல என்ன? முதல்ல, ல-வுல தமிழ்ச் சொல் தொடங்காது, அதனால தான் பழைய புத்தகத்துல இலாவணியம்னு இருக்கும். நேர்ச் சொல்னா எழில், வனப்பு. பேச்சுல களை. என்னைக் கேட்டா வடிவு தான் பெஸ்ட்டு, ஊர்ல பாட்டிங்களுக்கு இருந்த பேரு, யாழ்ப்பாணத்துக்காரங்க இன்னிக்கும் "வடிவா இருக்கு"ன்னு தான் சொல்வாங்க. ஆனா பாட்டி பேருன்னு அக்கா ஒரே அடியா வேணாம்னுட்டா.

ஒண்ணு கவனிங்க, எழிலின்னு வைக்கிறவங்க அழகின்னு நெனச்சு வைக்கிறாங்க, சங்கத் தமிழ்ல எழிலின்னா மேகம், குறள் 17ல கடலே வத்திடும்னு பயமுறுத்துற இடத்துல வர்ற மேகம். கெட்ட அர்த்தம் ஒண்ணும் இல்ல, இங்க அடிக்கிற மழைக்குப் பொருத்தமாவே இருக்கும்.

கடைசில எழில்னு முடிவாச்சு. இப்போ இங்கிலீஷ்ல ழ-வுக்கு இசட் எச் போடுறதா எல் போடுறதான்னு அடுத்த சண்டை ஓடுது.