பாடம் இருந்தது, பக்கத்தைக் காணோம்

நல்ல பாடம் ஒன்றின் இணைப்பைச் சேமித்து வைத்திருப்போம். இரண்டு வருஷம் கழித்துத் திறந்தால் ‘404’, அதாவது பக்கம் இல்லை என்று வரும். பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டுகளில் காணாமல் போய்விட்டன.

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வைப்பதாக 2001-ல் அறிவித்தது. அடுத்த ஆண்டு யுனெஸ்கோ கூட்டம் ஒன்றில், இப்படி யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பாடங்களுக்கு ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயர் பிறந்தது. அதே ஆண்டு டிசம்பரில், படைப்பைப் பிரதி எடுக்கவும் பகிரவும் முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களும் வந்தன. பாடங்கள் பெருகின. ஆனால் நிதி பெரும்பாலும் புதிதாக ஒன்றைத் தொடங்கத்தான் கிடைக்கிறது. தொடங்கியதைப் பத்து வருஷம் பார்த்துக்கொள்ளக் கிடைப்பதில்லை. பாடத்தை எழுதுவதைவிட அதை உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம் என்பது என் எண்ணம்.

சரி, எப்படி உயிரோடு வைப்பது? முதலில் முகவரி. சாதாரண இணைப்பு, கோப்பு எந்தச் சர்வரில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. சர்வர் மாறினால் இணைப்பு செத்துவிடும். டிஓஐ போன்ற நிலையான அடையாள எண் அப்படியல்ல. அது பாடத்தின் பெயர் மாதிரி. அந்தப் பெயரைக் கேட்டதும், பாடம் இப்போது இருக்கும் இடத்தை ஒரு பதிவேடு பார்த்து நம்மை அங்கே அனுப்பிவிடுகிறது. இடம் மாறும்போது பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். அந்த வரியைத் திருத்த ஒரு ஆள் வேண்டும் என்பதை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து பிரதிகள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1999-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய லாக்ஸ் திட்டத்தில், ஒரே ஆவணத்தைப் பல நூலகங்கள் தனித்தனியாக வைத்திருக்கும். ஆவணம் கெடவில்லை என்று எப்படித் தெரியும்? கோப்பு முழுவதையும் ஒரு கணிதச் சூத்திரத்தின் வழியே செலுத்தினால் அதற்கான ‘ஹாஷ்’ கிடைக்கும். அது ஒரு கைரேகை. எஸ்ஹெச்ஏ-256 என்ற முறையில், பாடம் ஒரு பக்கமானாலும் ஆயிரம் பக்கமானாலும் கைரேகை 64 எழுத்துதான். பாடத்தில் ஒரே ஒரு முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டால் அந்த 64 எழுத்து வரிசையே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். லாக்ஸ் கணினிகள் இத்தகைய கைரேகைகளை அவ்வப்போது ஒப்பிட்டு, தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்துகின்றன. ஒன்றின் பிரதி மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால், நல்ல பிரதியைக் கொண்டு அதைச் சரிசெய்துவிடுகின்றன.

இப்படிப் பிரதி எடுக்க அனுமதி வேண்டும் அல்லவா? அதைத்தான் திறந்த உரிமம் தருகிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் 1999-ல் தொடங்கிய கனெக்‌ஷன்ஸ் என்ற திறந்த பாடத் தளம் 2022-ல் மூடப்பட்டது. அதன் பாடங்கள் அழியவில்லை. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் பத்திரமாகச் சேர்ந்தன. உரிமம் முதலிலேயே திறந்திருந்ததால் ஒவ்வொரு ஆசிரியரையும் தேடிப்போய்க் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை.

கோப்பு வடிவமும் முக்கியம். அடோபி நிறுவனத்தின் ஃப்ளாஷ் மென்பொருளில் செய்த அனிமேஷன் பாடங்கள் எத்தனையோ! 2020 முடிவோடு அடோபி ஆதரவை நிறுத்தியதும் உலாவிகளில் அவை ஓடவில்லை. கோப்பு பத்திரமாக இருந்தும் பயனில்லை. இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் ஹெச்டிஎம்எல் மாதிரி எல்லோரும் படிக்கக்கூடிய வடிவத்தில் மூலக்கோப்பையும் சேர்த்து வைத்தால், அடுத்தவர் திருத்தவும் மொழிபெயர்க்கவும் முடியும். பிடிஎஃப் மட்டும் இருந்தால் ஒரு தப்பைத் திருத்தவே திண்டாட வேண்டும்.

அப்புறம், இணையமே வராத இடங்கள். இணையமின்றிப் பாடம் படிக்க உதவும் கோலிப்ரி என்ற கட்டற்ற மென்பொருளை ராஸ்பெர்ரி பை அளவுள்ள சின்னக் கணினியிலும் நிறுவலாம். இணையம் உள்ள இடத்தில் ஒருமுறை பாடங்களை இறக்கிக்கொண்டால், வகுப்பில் உள்ள கைக்கணினிகள் உள்ளூர் வைஃபை வழியாகவே அவற்றைத் திறக்கும். மூலத் தளம் நாளைக்கே மூடப்பட்டாலும் அந்த வகுப்பில் பாடம் நிற்காது.