வியப்பதோடு நின்றுவிடாதீர்கள்: முன்மாதிரிகளிடமிருந்து குணத்தை வளர்த்துக்கொள்வது எப்படி?

ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "யாரைப் போல இருக்க ஆசைப்படுகிறீர்கள்?" என்பது. பதில் உடனே வந்துவிடும். ஒரு தலைவர், ஒரு விஞ்ஞானி, ஒரு விளையாட்டு வீரர். சிலருக்குத் தாத்தா, சிலருக்குப் பள்ளியில் பாடம் எடுத்த ஆசிரியை. "சரி, அவரிடம் உள்ள எதை இந்த வாரம் நீங்கள் செய்து பார்த்தீர்கள்?" என்று தொடர்ந்து கேட்கும்போதுதான் பேச்சு நின்றுபோகும்.

ஒருவரை மனதார மதிப்பது நல்ல தொடக்கம். ஆனால் வருடக்கணக்கில் மதித்துக்கொண்டே, அவருடைய ஒரு பழக்கம்கூடத் தன்னிடம் ஒட்டாமல் வாழ்ந்துவிடவும் முடியும். அவர் படத்தை மேசையில் வைக்கிறோம், அவர் சொன்னதைப் பகிர்கிறோம், அவரைப் பற்றி யாராவது தவறாகப் பேசினால் சண்டைக்குப் போகிறோம். அதிலேயே மனதுக்கு ஒரு நிறைவு கிடைத்துவிடுகிறது. இதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பெரும்பாலானவர்கள் உண்மையிலேயே மாற விரும்புகிறார்கள். எதை எடுத்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல். 'பொறுமை', 'நேர்மை', 'துணிச்சல்' என்று பெரிய பெயர்களை எடுத்துக்கொள்கிறார்கள். நாளை காலை எழுந்தவுடன் பொறுமையை எங்கிருந்து தொடங்குவது? ஒரு செயல் என்றால் தொடங்கலாம்.

கோபத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று ஒருவர் வந்திருந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பதின்ம வயது மகனோடு தினமும் வாக்குவாதம். அவருக்குப் பிடித்த மனிதர் நெல்சன் மண்டேலா. "27 வருடம் சிறையில் இருந்தும் பொறுமையை இழக்காதவர்" என்றார். அந்தப் பொறுமை எப்படிப்பட்டது என்று இருவரும் பேசினோம். மண்டேலா சிறையில் வெறுமனே பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளவில்லை. தன்னை அடைத்து வைத்தவர்களின் மொழியான ஆப்பிரிக்கான்ஸைக் கற்றுக்கொண்டார். எதிராளி எப்படி யோசிக்கிறான் என்று தெரிந்துகொள்ள அது உதவும் என்று நினைத்தார். 1994இல் தென்னாப்பிரிக்காவின் அதிபரானார். தனக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட ரிவோனியா வழக்கில் எதிர்த்து வாதாடிய அரசு வழக்கறிஞர் பெர்சி யூட்டரை 1995இல் மதிய உணவுக்கு அழைத்தார். எதிரே இருப்பவனின் மொழியில் முதலில் பேசிப் பார்ப்பதுதான் அவருடைய பொறுமை.

இவ்வளவு பேசிய பிறகு அந்தத் தகப்பனார் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு செயலை. மகனோடு வாதம் தொடங்கினால், தன் பக்கத்தைச் சொல்வதற்கு முன், மகன் சொன்னதை மகனுடைய வார்த்தைகளிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆமா, அதைத்தான் சொல்றேன்" என்று மகன் சொல்லும்வரை தன் வாதத்துக்குப் போகக் கூடாது. முதல் தடவை மகன், "என்னப்பா, கிண்டல் பண்றீங்களா?" என்று எழுந்து போய்விட்டான். இரண்டாவது தடவை அவரே பாதியில் கத்திவிட்டார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவந்தது. கோபம் அடியோடு போய்விட்டதா என்றால், போகவில்லை. ஆனால் திருப்பிச் சொல்வதற்காகக் கவனித்துக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டதால், பாதி நேரம் கோபப்படக் காரணமே இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. குணத்தில் நான் பார்க்கும் மாற்றங்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் தொடங்குகின்றன.

பார்த்துக் கற்பதைப் பற்றிப் பேசினால் உளவியலில் ஆல்பர்ட் பாண்டுராவைத் தாண்டிப் போக முடியாது. 1961இல் அவரும் அவருடைய குழுவினரும் நடத்திய பொம்மைச் சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த சிறு பிள்ளைகள், தங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தபோது அதேபோல அடித்தார்கள். 1965இல் அவர் செய்த இன்னொரு சோதனை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பொம்மையை அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் "அவர் செய்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும், அவர்களும் மற்றப் பிள்ளைகளைப் போலவே அத்தனையையும் செய்து காட்டினார்கள். அதாவது, வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே பதிந்துதான் இருந்தது. பெற்றோரிடம் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். பிள்ளைக்கு முன்மாதிரியாக யாரைக் காட்டலாம் என்று நீங்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே, அது ஒருவரைப் பார்த்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறது. அது நீங்கள்தான்.

சரி, பெரியவர்களுக்கு வருவோம். யாரைத் தேர்ந்தெடுப்பது? மிக உயரத்தில் இருப்பவரை வைத்துக்கொண்டால் நாமும் உயருவோம் என்று பொதுவாக நம்புகிறோம். பெனலபி லாக்வுட், சிவா குண்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வு, இதற்கு ஒரு நிபந்தனை இருப்பதைக் காட்டியது. கணக்கியல் படிக்கும் மாணவர்களிடம், அதே துறையில் அபாரமாகச் சாதித்த கடைசி ஆண்டு மாணவர் ஒருவரைப் பற்றிய குறிப்பைக் கொடுத்தார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு அது உற்சாகம் தந்தது. "எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது, நானும் எட்டிவிடலாம்" என்ற எண்ணம். கடைசி ஆண்டில் இருந்தவர்களுக்கு அந்த உற்சாகம் வரவில்லை. எட்டிவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் முன்மாதிரி ஊக்கம் தரும். அந்த நம்பிக்கை இல்லாதபோது அதே மனிதர் நம்மைச் சுருங்க வைக்கிறார்.

அதனால்தான் ஒருவருடைய வெற்றியைவிட அவர் பட்ட பாட்டைத் தேடிப் படியுங்கள் என்று சொல்கிறேன். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 9, 10ஆம் வகுப்பு மாணவர்களுக்கு ஐன்ஸ்டைன், மேரி கியூரி, மைக்கேல் ஃபாரடே ஆகியோரின் கதைகளைக் கொடுத்தார்கள். சிலருக்குச் சாதனைகள் மட்டும். மற்றவர்களுக்கு, அந்த விஞ்ஞானிகள் ஆராய்ச்சியில் தோற்றது, வாழ்க்கையில் தவித்தது பற்றிய கதைகள். போராட்டக் கதைகளைப் படித்தவர்களுக்கு அறிவியல் மதிப்பெண் உயர்ந்தது. அதிலும் பின்தங்கிய மாணவர்களுக்குக் கூடுதல் பலன். சாதனைகளை மட்டும் படித்தவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. குணத்திலும் இது பொருந்தும் என்பது என் கருத்து. பிறவியிலேயே சாந்தமான ஒருவரைப் பார்த்து நாம் கற்பது கொஞ்சம்தான். முன்கோபியாக இருந்து தன்னை மாற்றிக்கொண்டவரிடம் வழியையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் பக்கத்திலேயே இருப்பார்கள். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தனக்காக எழுதி வைத்த குறிப்புகளின் முதல் பகுதி முழுக்க ஒரு பட்டியல்: யாரிடமிருந்து எதைக் கற்றேன் என்று. அதில் இருப்பவர்கள் தாத்தா, அம்மா, வளர்ப்புத் தந்தை, ஆசிரியர்கள், நண்பர்கள். அவர் எழுதியிருக்கும் விதம் என்னை மிகவும் கவர்ந்தது. 'அலெக்சாண்டர் என்ற இலக்கண ஆசிரியர் நல்லவர்' என்று எழுதவில்லை. யாராவது பிழையாகப் பேசினால் அவரைத் திருத்தி அவமானப்படுத்தாமல், தன் பதிலில் சரியான சொல்லைப் பயன்படுத்தி நயமாகக் காட்டிவிடுவது, அந்த ஆசிரியரிடம் கற்றது என்று எழுதியிருக்கிறார். இன்னொருவரிடம் கற்றது, 'நேரமில்லை' என்று தேவையில்லாமல் யாரிடமும் அடிக்கடி சொல்லாமல் இருப்பது. அவ்வளவு பெரிய சாம்ராஜ்யத்தை ஆண்டவர், இவ்வளவு சின்னச் சின்னச் செயல்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நீங்களும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆள் பெயர், அவர் செய்ததை நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு செயல். 'அன்பானவர்' என்று எழுதினால் அடித்துவிட்டு, அன்பாக இருந்த அந்த நாளில் அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள்.

புதிதாகக் குழுத் தலைவரான ஒரு பெண், தன் பழைய மேலாளரைப் போல நிதானமாக இருக்க முடியவில்லை என்று வருத்தப்பட்டார். "யாராவது தவறு செய்துவிட்டு உங்கள் முன்னால் வந்து நின்றபோது, அந்த மேலாளர் முதலில் என்ன செய்வார்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "லேப்டாப்பை மூடிவிடுவார்" என்றார். மூடி வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பி, "என்ன நடந்தது? முதலில் இருந்து வரிசையாகச் சொல்லு" என்பாராம். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டாராம். நிதானத்தை இந்தப் பெண்ணால் வரவழைக்க முடியவில்லை. லேப்டாப்பை மூட முடியும். அதைத்தான் தொடங்கினார். திரையைப் பார்த்துக்கொண்டே பாதிக் காதால் கேட்டபோது வந்த எரிச்சல், அதை மூடி வைத்துவிட்டு ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்டபோது வரவில்லை என்று பிறகு சொன்னார். மனம் நிதானமாகட்டும், அப்புறம் மூடுகிறேன் என்று காத்திருந்தால் அது நடந்திருக்காது.

இப்படி எடுத்துக்கொண்ட செயலை 'எப்போது' என்பதோடு கட்டிவிட வேண்டும். "இனி நன்றாகக் கேட்பேன்" என்பதைவிட, "யாராவது தவறைச் சொல்ல வந்தால், லேப்டாப்பை மூடுவேன்" என்று முடிவு செய்வது பலன் தரும். இந்த வகைத் திட்டமிடலை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பழகுவதற்கு எவ்வளவு நாளாகும்? 21 நாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை நம்பி 22ஆம் நாள் சோர்ந்துபோகாதீர்கள். லண்டன் ஆய்வாளர்கள் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக மாற சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பு எதையும் ஏற்படுத்தவில்லை.

"இந்த இடத்தில் அவர் இருந்தால் என்ன செய்வார்?" என்ற பழைய கேள்விக்கும் ஆய்வுத் துணை இருக்கிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில், 4 வயது, 6 வயதுப் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கொடுத்து, பக்கத்தில் விளையாட்டுள்ள ஒரு டேப்லட்டையும் வைத்தார்கள். தன்னை பேட்மேன் போன்ற ஒரு பாத்திரமாகப் பாவித்துக்கொண்ட பிள்ளைகள்தான் வேலையில் அதிக நேரம் நிலைத்திருந்தார்கள். பெரியவர்களும் பதற்றமான நேரத்தில், மதிக்கும் ஒருவரின் இடத்தில் நின்று தன்னைப் பார்த்தால் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளி போதும்.

நாம் மதித்தவர் ஒருநாள் சறுக்கினால்? இதனால் உடைந்துபோய் வருகிறவர்களைப் பார்க்கிறேன். "அவரே இப்படி என்றால் நேர்மைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பார்கள். அந்த வலி உண்மையானது. அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆனால் 1920இலேயே எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் ஒன்றைக் கவனித்து எழுதினார். ராணுவ அதிகாரிகள் வீரர்களுக்கு மதிப்பெண் போட்டபோது, ஒரு குணத்தில் உயர்வாகத் தெரிந்தவருக்கு மற்ற எல்லாவற்றிலும் உயர்வாகவே போட்டார்கள். தோற்றம் நன்றாக இருந்தால் அறிவு, தலைமைப் பண்பு எல்லாம் சேர்ந்து வந்துவிட்டன. நாமும் அப்படித்தான். மேடையில் துணிச்சலாகப் பேசுகிறவர் வீட்டிலும் கனிவாகத்தான் இருப்பார் என்று நாமே சேர்த்துக்கொள்கிறோம். தொடக்கத்திலேயே அவருடைய குணத்தையும் பார்த்து, குற்றத்தையும் பார்த்து, இந்த ஒரு செயல் மட்டும் எனக்கு வேண்டும் என்று எடுத்திருந்தால் சேதம் குறைவு. அவரிடம் கற்று நீங்கள் வளர்த்த பழக்கம் இப்போது உங்களுடையது. அவர் சறுக்கியதற்காக அதைக் கைவிட வேண்டியதில்லை. அதேநேரம், அவர் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் அதை மூடி மறைக்கவும் வேண்டாம். பாதிக்கப்பட்டவரின் பக்கம்தான் நாம் நிற்க வேண்டும்.

"அப்பாவைப் போல மட்டும் ஆகிவிடக் கூடாது" என்று இருப்பவர்களும் உண்டு. அந்த உறுதி சிலரை நன்றாகவே காப்பாற்றுகிறது. ஆனால் எது கூடாது என்பது மட்டும் தெரிந்து, அந்த இடத்தில் என்ன செய்வது என்பது தெரியாமல் போனால், நெருக்கடியில் பழகிய பழைய முறைதான் வெளியே வரும். சிறுவயதில் பார்த்த ஒரே முறை அதுதானே. அதனால் இவர்களுக்கு இன்னொரு நல்ல ஆள் கட்டாயம் தேவை: ஒரு சித்தப்பா, ஒரு நண்பனின் அப்பா, யாராவது. மற்றவரோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தூக்கம் கெடுகிறது, தன் மீதே வெறுப்பு வருகிறது என்றால், முன்மாதிரி தேடுவதை நிறுத்திவிட்டு மனநல நிபுணர் ஒருவரைப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. எந்தக் குணத்தில் தொடங்குவது என்பதை நாமே முடிவு செய்தால், வழக்கமாக நமக்கு ஏற்கெனவே ஓரளவு வரும் குணத்தைத்தான் எடுப்போம். அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் இளமையில் தன்னைத் திருத்திக்கொள்ள 12 குணங்களைப் பட்டியல் போட்டார். பார்த்த நண்பர் ஒருவர், உனக்குத் தலைக்கனம் என்று ஊரே நினைக்கிறது என்று உதாரணங்களோடு சொன்னார். 13ஆவதாகப் பணிவு சேர்ந்தது. இயேசுவையும் சாக்ரடீஸையும் பின்பற்று என்று அதன் கீழே எழுதினார். அத்தோடு விடாமல் பேச்சிலும் கை வைத்தார். 'நிச்சயமாக', 'சந்தேகமே இல்லாமல்' போன்ற சொற்களை விலக்கி, 'எனக்குத் தோன்றுவது', 'இப்போதைக்கு என் எண்ணம்' என்று பேசப் பழகினார். ஆரம்பத்தில் தன் இயல்போடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்றும், பிறகு அதுவே எளிதாகிவிட்டது என்றும் எழுதியிருக்கிறார்.

பிராங்க்ளினின் நண்பரைப் போல முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவர் உங்களுக்கு இருந்தால், இந்த வாரம் அவரிடம் கேளுங்கள்: "நான் எதை மாற்றிக்கொண்டால் என்னோடு இருப்பது உனக்குச் சுலபமாக இருக்கும்?" பதில் நியாயமாகப் படாவிட்டாலும் அந்த இடத்திலேயே விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். கேட்டுக்கொண்டு வந்து, அந்த ஒன்றில் யார் நன்றாக இருக்கிறார் என்று சுற்றும் பாருங்கள்.