ஈரடிக்கு ஒரு மூச்சு: மணிக்கட்டின் பச்சை ஒளி எதை அளக்கிறது?

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை விடியற்காலையில் சுற்றி நடப்பவர்களுள் சிலர், நடை முடிந்ததும் கரையோரம் அமர்ந்து கண்மூடி மூச்சைக் கவனிப்பார்கள். அவர்களில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருப்பவர்களின் பார்வை, கண் திறந்ததும் நேரே மணிக்கட்டுக்குத்தான் போகிறது. அந்தக் கருவி தியானத்தில் எதை அளக்கிறது, அந்த அளவு தியானத்துக்கு உதவுமா என்ற கேள்விக்கு உடலியலில் ஓரளவு தெளிவான விடை இருக்கிறது.

கடிகாரத்தைச் சற்றே தூக்கினால் அடியில் பச்சை ஒளி மினுங்குவதைக் காணலாம். இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் தோலடி நுண்நாளங்களில் இரத்தம் சிறிது கூடுவதால், பட்டுத் திரும்பும் பச்சை ஒளி சிறிது குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கருவி கணக்கிடுகிறது. திரையில் மன அமைதி என்றோ மன அழுத்தம் என்றோ எந்தப் பெயரில் மதிப்பெண் வந்தாலும், அதன் மூலச்சரக்கு பெரும்பாலும் இந்த இடைவெளிகள்தாம்.

ஆரோக்கியமான இதயத்தில் இந்த இடைவெளிகள் ஒரே அளவாக இருப்பதில்லை. விரல் வைத்து நாடி பார்த்துக்கொண்டே ஆழ்ந்து மூச்சு விட்டால் தெரியும்: உள்மூச்சில் துடிப்பு விரைகிறது, வெளிமூச்சில் தளர்கிறது. ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லுட்விக் 1847இலேயே இதைக் கருவியால் பதிவு செய்தார். இதயத்துக்குக் கடிவாளம் போன்றது வேகஸ் நரம்பு; உள்மூச்சில் அதன் பிடி நெகிழ்கிறது, வெளிமூச்சில் இறுகுகிறது.

இதனோடு இன்னொரு சுற்றும் ஓடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் இரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் ஏறினால் அவை மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்பித் துடிப்பைக் குறைக்கச் செய்யும். அழுத்தம் இறங்கினால் துடிப்பைக் கூட்டச் செய்யும். செய்தி போய் அதன் விளைவு தெரியச் சில விநாடிகள் தாமதமாவதால், இந்த ஏற்றமும் இறக்கமும் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 10 விநாடி பிடிக்கிறது. நாம் இயல்பாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவதால் இரண்டு தாளங்களும் இணைவதில்லை. மூச்சை நிமிடத்துக்கு 6 ஆகக் குறைத்தால் அதுவும் 10 விநாடிச் சுற்றாகி விடுகிறது. மீனாட்சியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமை மாலை ஊஞ்சல் உற்சவம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஊஞ்சலின் போக்கறிந்து தொட்டுவிட்டால் இலேசான கையே போதும், நேரம் தப்பினால் வலுவாகத் தள்ளியும் பயனில்லை. இயற்பியலில் இதன் பெயர் ஒத்ததிர்வு. அப்போது இதயத் துடிப்பு பெரிய, சீரான அலையாக ஏறி இறங்குகிறது.

இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு 23 பேரை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட முடிவு இங்கே பொருத்தமானது. லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னபோதும், ‘ஓம் மணி பத்மே’ என்று தொடங்கும் பௌத்த மந்திரத்தை உருவேற்றியபோதும், யாரும் மூச்சை எண்ணச் சொல்லாமலே அவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆக அமைந்தது. அழுத்தத்தைச் சீராக்கும் அந்த நரம்புச் சுற்றின் திறனும் கூடியது.

நம்மிடமும் அப்படி ஓர் அளவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மேலூர் அருகே திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகரின் சிவபுராணம் 95 அடி கொண்டது. மூச்சு வாங்கும் நேரத்தையும் சேர்த்து ஈரடிக்கு 10 விநாடி என்று நிதானமாக ஓதினால் நிமிடத்துக்கு 6 மூச்சு தானே அமையும். (மூச்சை இழுக்க 16, அடக்க 64, விட 32 மாத்திரை என்று திருமூலர் சொல்லும் கணக்கு வேறு வகை, அதில் மூச்சை நெடுநேரம் உள்ளே அடக்க வேண்டும் என்பதால், கடிகாரத்தை நம்பி அதில் இறங்குவது தவறு.)

ஆனால் இதே தாளத்தில் ஒருவர் வட்டிக் கணக்கை ஒப்பித்தாலும் திரையில் அதே அழகான அலை எழும். கருவிக்குத் தெரிவது மூச்சும் குருதியும் மட்டுமே. ஓதுபவரின் நெஞ்சு எங்கே இருந்தது என்பதைப் பச்சை ஒளி தொடுவதில்லை. என் பார்வையில், மதிப்பெண்ணை விடப் பயனுள்ளது கடிகாரத்துக்குள் இருக்கும் சிறு அதிர்வு மோட்டார். 5 விநாடிக்கு ஒருமுறை மணிக்கட்டில் தட்டும்படி அமைத்துவிட்டால், தாளம் போடும் ஆசிரியரின் கையைப் போல, கண் திறக்காமலே அடியின் வேகத்தை அது பிடித்துக் கொடுக்கும். அப்போதும் உருத்திராட்சம் உருட்டும் கையில் கடிகாரத்தைக் கட்டக் கூடாது; விரல் அசையும்போது மணிக்கட்டின் தசைநாண்களும் அசைந்து, மணி தள்ளுவதையே கருவி நாடித் துடிப்பாக எண்ணிக்கொள்ளும். ஈரடிக்கு ஒரு மூச்சு என்பது நாவில் படிந்த பிறகு அந்தத் தட்டலையும் அணைத்துவிடலாம். 95 அடியும் முடியும்போது ஏறத்தாழ 8 நிமிடம் ஆகியிருக்கும்.