மாடத்தில் வைத்த ரௌட்டர்

கீழக்கரையில் என் நண்பனின் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. வாசலில் திண்ணை, உள்ளே கூடம், கூடத்தைத் தாண்டினால் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும், அப்புறம் அடுப்படி, அதற்கும் பின்னால் கிணற்றடி. சுவர்கள் இரண்டடி கனம். சித்திரை வெயிலிலும் உள்ளே சில்லென்று இருக்கும்.

நண்பன் துபாயில் இருக்கிறான். வேலை முடிந்து அறைக்கு வந்ததும் வீடியோ காலில் உம்மாவைக் கூப்பிடுவான். அந்த நேரத்தில் உம்மா இருப்பது அடுப்படியில். ஃபைபர் இணைப்பு வந்து இறங்கியிருப்பதோ தெருப்பக்கக் கூடத்தில். "தம்பி, கூடத்துல நின்னாத்தான் அவன் மொகம் தெரியுது. அடுப்படிக்கு வந்தா வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே கெடக்கு" என்றார். இதற்காக ஏற்கெனவே ஒரு கடையில், ரௌட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கியிருந்தார்கள். நாலு சுவர் தாண்டும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். அடுப்படி பிளக்கில் அதை மாட்டினால் போனில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்து நிற்கும். கால் மட்டும் வராது. இப்போது மெஷ் வைஃபை என்று ஒன்று வந்திருக்கிறதாமே, மூன்று டப்பா வாங்கி அனுப்பினால் நீ மாட்டித் தருவாயா என்று நண்பன் கேட்டான். சரி என்று போனேன்.

ரௌட்டர் இருந்த இடத்தைப் பார்த்ததும் பாதி விஷயம் விளங்கிவிட்டது. கூடத்துச் சுவரில், அந்தக் காலத்தில் விளக்கு வைத்த மாடத்துக்குள் அதைச் செருகி வைத்திருந்தார்கள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியிருந்தது. ஆனால் மாடத்தில் ஏற்றிய விளக்கு எதிரே இருக்கும் கூடத்துக்குத்தானே வெளிச்சம் தரும்? பின்னாலும் பக்கவாட்டிலும் சுவர். வைஃபையும் ஒருவகை ஒளிதான். கண்ணுக்குத் தெரியாத அலைநீளத்தில் வரும் ஒளி. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸில் அதில் பாதிக்கும் குறைவு. கண் பார்க்கும் ஒளியைவிட இது பல்லாயிரம் மடங்கு நீளம் என்பதால் சுவருக்குள் கொஞ்சமாவது நுழைந்து வெளியே வருகிறது. எவ்வளவு வருகிறது என்பது சுவரைப் பொறுத்தது.

இந்தக் கரையின் பழைய கட்டடங்கள் பலவற்றில் மன்னார் வளைகுடாவில் வெட்டி எடுத்த பவளப்பாறைக் கல் இருக்கிறது. கல்லுக்குக் கல் சுண்ணாம்புச் சாந்து. இப்போது அப்படி வெட்ட முடியாது. வளைகுடாவின் தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. அதற்குள் வெட்டியது போதாதா? அரணாக நின்ற பாறை போனபின், இருபத்தொரு தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன.

பவளக்கல் வெறும் கால்சியம் கார்பனேட். நன்றாகக் காய்ந்திருந்தால் ரேடியோ அலைக்கு அது பெரிய எதிரி இல்லை. தொல்லை தருவது அதன் துளைகளில் குடியிருக்கும் ஈரமும் உப்பும்தான். தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு முனை நேர்மின், ஒரு முனை எதிர்மின். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் மின்புலம் நொடிக்கு 240 கோடி முறை ஊசலாடும். அதற்கேற்பத் திரும்பித் திரும்பி, பக்கத்து மூலக்கூறுகளோடு உரசி, அலையின் ஆற்றலைத் தண்ணீர் சூடாக மாற்றிக்கொள்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு குழம்பைச் சூடாக்குவதும் ஏறக்குறைய இதே 2.45 கிகாஹெர்ட்ஸில்தான். அது தண்ணீருக்கென்றே அமைந்த தனி அதிர்வெண் என்று பலர் சொல்வது சரியில்லை. தண்ணீர் மிக அதிகமாக விழுங்குவது அதைவிடப் பல மடங்கு மேலே. 5 கிகாஹெர்ட்ஸ் அந்த உச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கம் என்பதால் ஈரச்சுவரில் அதற்கு அடி கூடுதல்.

இதில் உப்பும் சேர்ந்தால் அயனிகள் ஓடத் தொடங்கும். சுவருக்குள் சிறு மின்னோட்டம் எழுந்து அதுவும் சூடாகக் கழியும். கடல்நீருக்குள் வைஃபை ஓரிரு சென்டிமீட்டருக்குமேல் போகாததற்கு இந்த இரண்டும்தான் காரணம். நம் சுவர் கடல் அளவுக்கு மோசமில்லை என்றாலும் அதன் உறவுக்காரன்தான். கல்லோடு வந்த உப்பு பாதி, கடற்காற்று கொண்டுவந்து சேர்த்தது மீதி. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அடிச்சுவரில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு பொரிந்து விழும் வீடுகளில், ஐப்பசி கார்த்திகை மழையில் சிக்னல் இன்னும் இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கொஞ்சம் கணக்கு. சிக்னலின் வலிமையை டிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். போனுக்கு வந்து சேரும் சிக்னல் என்றால் மைனஸில் வரும் எண். பூஜ்யத்தை நோக்கிப் போகப் போக நல்லது. இதில் 3 குறைந்தால் ஆற்றல் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. ரௌட்டர் 100 மில்லிவாட் அனுப்புகிறது என்று வைப்போம். அது 20 டிபிஎம். 5 கிகாஹெர்ட்ஸில் வெறும் காற்றிலேயே ஒரு மீட்டர் தூரத்தில் அது -27 ஆகிவிடும், பத்து மீட்டரில் -47. இதுவரை பிரச்சினை இல்லை. ஈரம் ஊறிய இரண்டடிச் சுவர் ஒன்று 20 டெசிபலை விழுங்குகிறது என்றால் மறுபக்கம் கிடைப்பது -67. வீடியோ கால் நிம்மதியாக ஓட ஏறக்குறைய அந்த அளவாவது வேண்டும். இரண்டாவது சுவரையும் தாண்டினால் -87. அங்கே சிக்னலும் பின்னணி இரைச்சலும் ஒன்றாகிவிடும். ஒரு சுவர்வரை சமாளிக்கலாம், இரண்டாவதில் கதை முடிந்தது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே மூன்று சுவர்.

இன்னொரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. ரௌட்டர் மைக் பிடித்துப் பேசுகிறது, போன் வெறும் வாயால் பதில் சொல்கிறது. பேட்டரியைக் காக்க வேண்டிய போன், ரௌட்டரைவிடக் குறைந்த வலிமையில்தான் அனுப்பும். ஆகவே போனில் கோடுகள் தெரிவது போனுக்குக் கேட்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. "அதிக பவர்" என்று விளம்பரம் செய்யும் ரௌட்டரை வாங்குவது பாதிப் பேச்சை மட்டும் உரக்கச் செய்யும் வேலை. அதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

சுவரைத் துளைக்க முடியாது என்றால் அலை எந்த வழியாக வரும்? வாசல் வழியாகத்தான். மீன்பிடித் துறையில் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட இடங்களில் பார்த்திருக்கலாம்: கற்களுக்கு நடுவே விட்ட வாய் வழியாக நுழையும் அலை, உள்ளே வந்ததும் விசிறிபோல இருபுறமும் விரியும். மூன்றடி அகலக் கதவுநிலையில் வைஃபையும் அதையே செய்கிறது. அலைநீளம் கூடுதலான 2.4 கிகாஹெர்ட்ஸ் நன்றாக வளைந்து மூலைகளுக்குள் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் அவ்வளவு வளையாது, நேரே போகவே பார்க்கும். மரக்கதவு மூடியிருந்தாலும் இழப்பு சொற்பம். கதவையொட்டி இரும்பு பீரோ நின்றால்தான் வம்பு; அலை அதில் பட்டுத் திரும்பிவிடும்.

மெஷ்ஷின் வேலையும் வாசல்களை நம்பித்தான் நடக்கிறது. இந்த மாதிரி வீடுகளில் உம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திண்ணையில் இருப்பவருக்குக் கேட்காது. தாழ்வாரத்தில் விளையாடும் பிள்ளைதான் கேட்டு, கூடத்து வாசலுக்கு ஓடி வந்து, "வாப்பா, உம்மா கூப்புடுறாங்க" என்று சொல்லும். அந்தப் பிள்ளைதான் மெஷ் நோடு. அதன் குரல் சுவரைத் துளைக்கிறதா என்பது பேச்சே இல்லை. இரு பக்கமும் கேட்கிற இடத்தில் நிற்கிறதா என்பதே கேள்வி. கடைக்காரர் விற்ற ரிப்பீட்டர் அடுப்படிக்குள் நின்ற பிள்ளை. உம்மாவுக்கு நல்ல துணை. வாப்பா சொல்வது மட்டும் அதன் காதில் விழாது. கோடுகள் நிறைந்தும் கால் வராததன் ரகசியம் இவ்வளவுதான். சிக்னல் செத்த இடத்தில் நோடை வைக்கக் கூடாது. சிக்னல் இன்னும் உயிரோடு இருக்கும் கடைசி இடத்தில் வைக்க வேண்டும்.

ரிப்பீட்டருக்கும் மெஷ்ஷுக்கும் வித்தியாசம், மெஷ்ஷில் பிள்ளைகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்கின்றன. வீடு முழுக்க ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. எந்த நோடு வழியாகப் போனால் பாதை நல்லது என்று அவையே தீர்மானிக்கும்; ஒன்று அணைந்தால் மற்றது வழியாகச் சுற்றிவரப் பார்க்கும். இதற்கு 802.11எஸ் என்ற தரநிலை 2011-இலேயே வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு விற்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை அந்தந்த நிறுவனத்தின் சொந்த முறையில் ஓடுகின்றன. வெவ்வேறு நிறுவனப் பெட்டிகளும் சேர்ந்து இயங்கட்டும் என்று வைஃபை நிறுவனங்களின் கூட்டமைப்பான வைஃபை அலையன்ஸ் 2018-இல் ஈஸிமெஷ் என்ற பொது முறையைக் கொண்டுவந்தது. பெட்டியில் அந்தப் பெயர் இல்லையென்றால் எல்லா நோடும் ஒரே நிறுவனத்தில் வாங்குவதே பத்திரம்.

பிள்ளைக்கு ஒரு வாய்தான். கூடத்தில் கேட்கும்போது அடுப்படிக்குச் சொல்ல முடியாது. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் நோடு ஒவ்வொரு தகவலையும் இருமுறை காற்றில் ஏற்றுவதால், ஒரு நோடைத் தாண்டினால் வேகம் பாதியாகும். இரண்டு தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு. நோடுகள் தங்களுக்குள் பேசுவதற்கென்றே மூன்றாவது ரேடியோ ஒன்றை வைத்து விலை கூட்டி விற்கும் பெட்டிகளும் உண்டு. உம்மாவின் தேவைக்கு அது தேவையில்லை என்றேன். வீடியோ காலுக்குச் சில எம்பிபிஎஸ் போதும். நூறு எம்பிபிஎஸ் இணைப்பு மூன்றில் ஒரு பங்கானாலும் அதைவிட எத்தனையோ மடங்கு மிச்சம்.

முதல் வேலையாக ரௌட்டரை மாடத்திலிருந்து எடுத்து, முற்றத்து வாசலுக்கு நேராக மேசைமேல் வைத்தேன். அடுத்த நோடு முற்றத்தின் எதிர்த் தாழ்வாரத்தில், மழைச்சாரல் படாத உயரத்தில். முற்றம் என்பது சுவரே இல்லாத இடம். கட்டியவர் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்ட வழி நமக்கு ரேடியோவுக்கும் ஆயிற்று. சிக்னலை எண்ணாகக் காட்டும் ஆப்பைத் திறந்து நோடு இருந்த இடத்தில் நின்று பார்த்தபோது -58. சுற்றியிருந்த அறைகள் எல்லாம் சரியாகிவிட்டன. அடுப்படி மட்டும் இழுபறி. தாழ்வாரத்துக்கும் அதற்கும் நடுவே வாசல் நேராக இல்லை, ஒரு சந்து வளைந்து போகிறது.

அதற்குக் கம்பிதான். மூன்றாவது நோடுக்குத் தாழ்வாரத்திலிருந்து லேன் கேபிள் இழுத்தோம். நோடுகளைக் கேபிளில் இணைத்துவிட்டால் பாதியாகும் கணக்கே கிடையாது, காற்றும் மிச்சம். தாமிர லேன் கேபிள் நூறு மீட்டர்வரை தாங்கும். எந்த வீட்டுக்கும் அது தாராளம். ஆனால் விலை மலிவு என்று அலுமினியத்துக்குத் தாமிரம் பூசிய கேபிளைக் கடற்கரையில் வாங்காதீர்கள். பூச்சு விட்ட முனைகளில் உப்புக்காற்றின் ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து சிறு பேட்டரிபோல வேலைசெய்து அலுமினியம் அரித்துப் போகும். சுத்தத் தாமிரம் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சுவரில் துளை போடுவதா என்று உம்மா தயங்கினார். நியாயம்தான். பழைய சுண்ணாம்புச் சுவரில் டிரில்லரைச் சுத்தியல் முறையில் ஓடவிட்டால் நாணயம் அளவு துளைக்குத் தட்டு அளவு பொரிந்து விழும். நல்லவேளையாக அடுப்படிப் புகைபோக மேலே ஒரு வெண்டிலேட்டர் இருந்தது, கேபிள் அதன் வழியாகவே போய்விட்டது. துளை போட்டே ஆக வேண்டியவர்கள் அதைச் சிமெண்டால் அடைக்க வேண்டாம், சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். சிமெண்ட், சுவரின் ஈரம் வெளியேறும் வழியை அடைத்து உப்பைப் பக்கத்துக் கல்லுக்குத் தள்ளிவிடும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு குறை: கூடத்திலிருந்து பேசிக்கொண்டே அடுப்படிக்கு நடந்தால் சில நொடி உறைந்து அப்புறம்தான் பேச்சு வந்தது. எந்த நோடைப் பிடிப்பது என்று கடைசியில் முடிவெடுப்பது போன்தான். நோடுகள் 802.11வி போன்ற முறைகளில் யோசனை சொல்லலாம், கையைப் பிடித்து இழுக்க முடியாது. ஐபோன் -70-ஐத் தாண்டிக் கீழே இறங்கினால்தான் வேறு நோடு தேடத் தொடங்கும் என்று ஆப்பிளே சொல்கிறது. கூடத்து ரௌட்டர் உரக்கக் கத்தினால் போன் அதை விடாது. அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் வலிமையை ஒரு படி குறைத்தேன், உறைவது நின்றது. மூன்று டப்பா போதாதென்று நான்காவது வாங்க நினைப்பவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம். ஒரே அலைவரிசையில் நோடு கூடக்கூட ஒன்றின் பேச்சுக்கு மற்றது காத்திருக்கும் நேரமும் கூடும்.

அன்று இரவு நண்பன் கூப்பிட்டபோது உம்மா அடுப்படியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். படம் தெளிவாக வந்தது. கிணற்றடிவரை நடந்து காட்டினார், அங்கேயும் எடுத்தது. குளியலறையில் மட்டும் எடுக்கவில்லை. அங்கே எடுக்கவும் வேண்டாம் என்று உம்மாவே சொல்லிவிட்டார்.