சேலத்தில் ஆண், ஏற்காட்டில் பெண்

சேலத்துச் சித்திரை வெயிலில் செல்லப் பல்லியின் முட்டையைப் பொரிக்க வைப்பவருக்குச் சூடேற்றும் பெட்டி எதற்கு? வேண்டியதெல்லாம் சூட்டைக் குறைக்க ஒரு வழி. சாதாரண இன்குபேட்டரில் சூடேற்ற ஒரு பல்பும் ஒரு தெர்மோஸ்டாட்டும்தான் இருக்கும். சூடு குறைந்தால் ஏற்றும்; கூடினால் பல்பை அணைத்துவிட்டுச் சும்மா கிடக்கும். அறையே 38 டிகிரியில் தகிக்கும்போது அந்தப் பெட்டியால் ஆவது ஒன்றுமில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்குப் போனால் கதை தலைகீழ். சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர்ச்சி. அங்கே மார்கழியில் பெட்டியைச் சூடேற்றாவிட்டால் கரு வளராது.

இந்த ஏழெட்டு டிகிரி உயிர் பிழைப்பதை மட்டும் தீர்மானிப்பதில்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்தைச் சேர்ந்த, செல்லமாக வளர்க்கப்படும் லெபர்ட் கெக்கோ என்ற பல்லிக்கு ஆண், பெண்ணைப் பிரிக்கும் குரோமோசோம் கிடையாது. முட்டை 26 டிகிரியில் இருந்தால் பொரிப்பவை அநேகமாக எல்லாமே பெண். 32.5 வாக்கில் பெரும்பாலும் ஆண். 34, 35-க்குப் போனால் மறுபடியும் பெண்! அதற்கு மேல் போனால் கருவே தாங்காது. கரு வளரும் காலத்தின் நடுப்பகுதியில் நிலவும் வெப்பமே இதை முடிவு செய்கிறது. சூடு கூடினால் நாளும் சுருங்கும்: 26-இல் ஏறக்குறைய இரண்டு மாதம், 32-இல் ஒன்றரை மாதத்துக்குள்.

ஆஸ்திரேலியாவின் பியர்டட் டிராகன் என்ற ஓணான் வகை இன்னும் விசித்திரம். அதற்குக் குரோமோசோம் உண்டு. ஆனாலும் 32 டிகிரியைத் தாண்டினால், குரோமோசோம்படி ஆணாக வேண்டியது பெண்ணாகப் பிறந்து முட்டையும் இடுகிறது. இது ஆய்வகத்தில் மட்டும் நடப்பதல்ல, காட்டிலும் நடக்கிறது என்று 2015-இல் உறுதி செய்தார்கள்.

வெப்பத்தைக் கவனிக்கிற பலரும் கோட்டைவிடுவது ஈரத்தில். கோழி முட்டை அடைகாக்கும் காலம் முழுக்க நீரை இழந்துகொண்டே இருக்கும். லெபர்ட் கெக்கோ முட்டைக்கோ ஓடு மெல்லிய தோல். சுற்றிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சி நாளுக்கு நாள் பருத்து, எடையும் கூடும். நம் வீட்டு டியூப்லைட் பட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பல்லி முட்டை வேறு ரகம். இட்ட கொஞ்ச நேரத்தில் அதன் ஓடு சுண்ணாம்பாக இறுகிவிடும். காய்ந்த சுவரிலும் பொரிக்கும். ஓணான் ஈர மண்ணைத் தோண்டிப் புதைப்பதற்குக் காரணம், அதன் முட்டையும் தோல் முட்டை என்பதுதான்.

அந்த ஈர மண்ணின் வேலையைப் பெட்டிக்குள் வெர்மிகுலைட் செய்கிறது. சூடாக்கினால் பொரிபோல் உப்பும் கனிமம் இது. திருப்பத்தூர் பக்கம் சேவத்தூரில்கூடக் கிடைக்கிறது. எடைக்கு எடை தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, கைப்பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. சொட்டினால் முட்டை பூசணம் பிடிக்கும். உதிர்ந்தால் முட்டை குழி விழும்.

முட்டையைப் பாதி புதைத்து, மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு புரட்டவே கூடாது. கோழிக் கருவைத் தாங்கிப் பிடிக்கும் முறுக்கு இழைகள் இதில் இல்லை. கரு மேல்பக்கத்துச் சவ்வில் ஒட்டி வளர்கிறது; புரட்டினால் ஒட்டு அறுந்துபோகலாம். ஒரு வாரம் கழித்து, இருட்டில் அடியிலிருந்து செல்போன் டார்ச்சைக் காட்டினால் இளஞ்சிவப்பு வளையமும் நூல்போன்ற ரத்த நாளங்களும் தெரியும். வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் பெரும்பாலும் கூமுட்டை.

வீட்டில் வளர்ப்பதற்குச் சட்டம் குறுக்கே நிற்கும் இடமும் உண்டு. உடும்பைப் பிடித்தாலே குற்றம். இக்வானா போன்ற, சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களையும் அவற்றின் குட்டிகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தப்படி பதிவு செய்தாக வேண்டும்.

பொரிக்கும் தறுவாயில் முட்டை திடீரெனச் சுருங்கி, மேலே வியர்வைபோல் துளிகள் அரும்பும். பயந்து தண்ணீர் தெளிக்க வேண்டாம். மூக்கு நுனியில் உள்ள ஜோடிப் பல்லால் குட்டி தோலைக் கீறி, தலையை நீட்டிய நிலையிலேயே மணிக்கணக்கில் படுத்திருக்கும். மிச்சமிருக்கும் மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய்ச் சேர அந்த நேரம் வேண்டும். இழுத்துவிட்டால் கரு கிழிந்து குட்டி சாகும். வெளியே வந்த சில நாளில் முதல் தோலை உரித்து, பெரும்பாலும் தானே தின்றுவிடும். சின்னச் சிள்வண்டைப் பெட்டிக்குள் விடுவது அதற்குப் பிறகுதான்.